மாப்பிள்ளை இறங்க வேண்டிய இடம்

டெட்சா,
மழைக்கு முந்திய வாரம்.

ஜொகன்னஸ்பர்க்கில் இருக்கும் மாப்பிள்ளை லாமெக்குக்கு, உங்கள் மச்சான் கிரெஷம் வணக்கத்துடன் எழுதுவது.

எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. தங்கை ஃபலெசி எழுந்து நடக்கிறாள். குழந்தை பால் குடிக்கிறது. வயலைக் கொத்தி வைத்திருக்கிறோம்; மழை விழுந்தால் சோளம் போட வேண்டியதுதான். பள்ளியில் என்னிடம் படித்தவனையே தலைமை ஆசிரியராக்கிவிட்டார்கள். நான் இன்னும் அதே வகுப்பில்.

உங்கள் கல்யாணத்தில் நம் வழக்கப்படி பெண் வீட்டுக்காக நான் பெட்டைக்கோழியைக் கொடுத்து, உங்கள் மாமா பிஸ்விக்கிடம் சேவலை வாங்கிக்கொண்டேன். அன்று முதல் இந்தக் குடும்பத்துக்கு நாங்கள் இருவரும் பொறுப்பு. என் தங்கை கருத்தடை ஊசி போட்டுக்கொள்வது தெரிந்ததும் நீங்கள் என்னிடம் பேசியிருக்க வேண்டும். மாமாவை அனுப்பினீர்கள். நான் பள்ளியில் இருந்த நேரம் பார்த்து வந்து, "புருஷன் வெளிநாட்டுல கெடக்கான், ஒனக்கு யாருக்காகடி ஊசி?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டுப் போனார். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் ஊசியை விட்டாள். நீங்கள் கிறிஸ்துமஸுக்கு வந்தீர்கள், போனீர்கள். இதை நான் மறக்கப்போவதில்லை.

பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லை என்று போனில் சொன்னேன். டாக்டரம்மா சொன்னதைச் சொல்லவில்லை. இன்னொன்று உண்டானால் அவள் பிழைக்கமாட்டாள். ஊசி இனி அவளுக்கு ஆகாது. அவளுக்குக் கருத்தடை அறுவை செய்யவும் அந்த அம்மா பயப்படுகிறார். "அவங்க வீட்டுக்காரர வரச் சொல்லுங்க சார். ஆம்பளைக்கு இது சின்ன வேலை, அன்னிக்கே வீட்டுக்குப் போயிரலாம்" என்றார்.

உண்மைதான். போன வருஷம் நானே செய்துகொண்டேன். பிறகு சில மாதம் ஆணுறை போட வேண்டும், சோதனை பார்த்துத்தான் விடுவார்கள். வேறொன்றும் ஆகவில்லை. ஆசிரியர் அறையில், "என்ன வாத்தியாரே, சேவல் இனிமே கூவுமா?" என்றார்கள். "கூவுது. முட்டைக்குத்தான் நான் பொறுப்பில்ல" என்றேன்.

முறைப்படி இதை முதலில் உங்கள் மாமாவிடம்தான் சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இவ செத்துட்டா எம் மருமகன் இன்னொருத்தியக் கட்டணுமில்ல? அவளுக்குப் புள்ள வேணாமா?" ஃபலெசி பக்கத்திலேயே குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். குழந்தையை அடுத்த மார்புக்கு மாற்றிக்கொண்டாள். அவர் போன பிறகு, "அண்ணே, அவரு நெனப்பும் இதுதானா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொன்னது.

விடுமுறைக்கு வரும்போது ஊர் வரைக்கும் வராதீர்கள். மாவட்ட ஆஸ்பத்திரி வாசலில் இறங்குங்கள். அங்கே நிற்பேன். என்னை உங்களுக்குப் பிடிக்காது. எனக்கும் உங்களை அப்படித்தான். இருந்தாலும் நிற்பேன்.

கடவுள் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். தங்கையிடம் நான் சொன்னதைப் பொய்யாக்கிவிடாதீர்கள், மாப்பிள்ளை.

இப்படிக்கு,
கிரெஷம் கபலமூலா