வெட்டிய சிரிப்பு

செவ்வாய், இரவு.

ஏழுமலை இன்று கொரட்டூர் ஸ்டுடியோவுக்கு வந்தான். அவனுடைய முதல் கானாவை வெளியிட்டவன் நான். பெரிய கம்பெனிக்குப் போனபின் அவன் எந்தப் பேட்டியிலும் என் பெயரைச் சொன்னதில்லை.

"அண்ணாத்தே, பாட்டுக்கு முன்னாடி எங்க நைனா பேசி சிரிச்சாரே, நீ வெட்னியே, அது கீதா? அவரு செத்துப் பூட்டாரு. ஊட்ல அவரு கொரலே இல்ல."

"டிஸ்க் போச்சுப்பா" என்றேன்.

"உடு அண்ணாத்தே, நீ இன்னா பண்ணுவ" என்று என்னைத் தேற்றிவிட்டுப் போனான்.

டிஸ்க் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. இப்போது போட்டுக் கேட்டேன்.

"டேய், மொதல்ல அண்ணாத்தைக்கு தேங்க்ஸ் சொல்றா" என்று சிரிக்கிறார் அவன் அப்பா.

"தேங்க்ஸ் அண்ணாத்தே" என்கிறான் ஏழுமலை.

இரண்டையும் சேர்த்துத்தான் வெட்டியிருக்கிறேன். காலையில் அனுப்பிவிட வேண்டும். டிஸ்க் எப்படிப் பிழைத்தது என்று கேட்பான்.