முடியாத வரிசை

சேசு மரி சூசை துணை
கல்கத்தா, 9-10-1958

அன்புள்ள ஞானப்பூவுக்கு,

நான் இங்கே சுகம். தென்னூரில் மழை பிடித்துவிட்டதா? ஏழாம் மாதத்திலேயே கால் வீங்குவதாக எழுதியிருந்தாயே, டாக்டரம்மாவிடம் காட்டினாயா? அம்மாவிடம் மறைக்காதே.

கவலைப்படும்படி ஒன்றுமில்லை. போன வாரம் வாய்மொழித் தேர்வில் சிறு சறுக்கல். ஒன்று, இரண்டு, மூன்று என்று போய்க்கொண்டே இருக்கும் எண்கள் எண்ணக்கூடியவையா என்று பேராசிரியர் கேட்டார். முடிவே இல்லாததை எப்படி எண்ணுவது, முடியாது என்றேன். சிரித்துவிட்டார். வரிசை முடிய வேண்டியதில்லையாம். அதில் யாரைக் காட்டினாலும் எத்தனையாவது ஆள் என்று சொல்ல முடிந்தால், அது எண்ணக்கூடியதுதானாம்.

பெரிய வெள்ளிக்கிழமை சிலுவையை முத்தமிட நம் கோயிலில் தெருவரை நிற்பார்களே, அது நினைவுக்கு வந்தது. நான் கடைசியைத் தேடி எட்டிப் பார்ப்பேன். "அது எங்க முடிஞ்சா நமக்கென்னங்க, நம்ம முறை வந்துரும்" என்பாய் நீ. உன்னைக் கேட்டிருந்தால் சரியாகச் சொல்லியிருப்பாய்.

தகரப் பெட்டியில் இருக்கும் என் கம்பளிச் சட்டையை வெயிலில் உலர்த்திப் பார்சலில் அனுப்பு. மணப்பாறை முறுக்கும் கொஞ்சம் வை. இங்கே டிசம்பரில்தான் குளிர் கடுமையாம்.

பிள்ளை பிறப்பதற்குள் வந்துவிடுவேன் என்று நாள் எண்ணுகிறாய். எண்ணுவதை மட்டும் நிறுத்திவிடாதே, ஞானப்பூ. தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. மறுதேர்வு ஜனவரியில்.

உன்
சவரிராயன்