மெழுகின வரைக்கும்

பிப்ரவரி 9

காலையில் அவிழ்த்துவிட்டபோது வெள்ளாட்டின் குளம்புகள் வெள்ளையாக இருந்தன. மாவை மிதித்துவிட்டதோ என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் மிதிக்கிற அளவுக்கு மாவு ஏது? தடத்தைப் பிடித்துப் போனால், முற்றத்தின் குறுக்கே ஒரு சுண்ணாம்புக் கோடு. நேற்று நான் மேய்ச்சலுக்குப் போயிருந்தபோது போட்டிருக்கிறார்கள். இருட்டிய பிறகு திரும்பியதால் கண்ணில் படவில்லை.

கோட்டுக்கு இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் வேப்பமரம், அதற்கப்புறம் ஜம்னா சாச்சியின் வீடு. எனக்குச் சித்தி முறை.

வேப்பமரம் எங்களுடையது. அப்பா நட்டது.

செவ்வாய்க்கிழமை ட்ரோன் வருகிறது. மேலேயிருந்து ஊரைப் படம் பிடிக்குமாம். அதற்காகத்தான் வீட்டுக்கு வீடு கோடு. படத்தில் விழுந்தபடி வீட்டுக்குச் சொத்து அட்டை தருவார்கள். அட்டை வந்துவிட்டால் கோட்டுக்கு வெளியே இருப்பது எங்களுடையது இல்லை.

பிப்ரவரி 10

பம்படியில் அதே பேச்சு.

“வெள்ளைக்காரன் வயலை மட்டும்தான் அளந்தான், வரி அங்கதான வரும்” என்றாள் அண்ணி முறையான சுக்ராணி பாபி. “வீடு இருக்கற எடத்துக்கு இன்னிக்கு வரைக்கும் ஒரு துண்டுக் காயிதம் கெடையாது. இப்ப திடீர்னு என்ன பாசம்?”

“அட்டையக் காட்டுனா பேங்குல கடன் குடுப்பாங்களாம்.”

“அப்ப வீட்டப் புடுங்கவும் வழி பண்ணிட்டாங்கன்னு சொல்லு.”

“குளிக்கறதக்கூடப் புடிக்குமாமே அது?”

“உன்னப் புடிச்சா அதுவே பயந்து கீழ விழுந்துரும், போ.”

எல்லாரும் சிரித்தார்கள். ஜம்னா சாச்சியும்தான். என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

ஏன் நிறுத்தினாள்?

பிப்ரவரி 11

சுண்ணாம்பு தூவப் பஞ்சாயத்து வைத்திருக்கும் ஆள் லோகேந்திரா. சாச்சியின் மகன்.

தேர்தலில் அவர்கள் ஜெயித்துப் பஞ்சாயத்துத் தலைவரான இப்போதைய சர்பஞ்ச் பக்கம். நாங்கள் தோற்றவர் பக்கம். ஓட்டு ரகசியம் என்று எட்டாவதில் படித்தேன், அதற்கு மேல் படிக்கவில்லை. பெரிய பள்ளிக்கூடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஆனால் எங்கள் ஊரில் யார் யாருக்குப் போட்டார்கள் என்பது நாய்க்குக்கூடத் தெரியும்.

அம்மாவிடம் கோட்டைக் காட்டினேன். பார்க்காமலே “இருக்கட்டும்” என்றாள்.

என்ன இருக்கட்டும்? ஆம்பள இல்லாத வீடு, எவன் வந்து கேக்கப்போறான்னுதானே போட்டிருக்காங்க. அப்பா இருந்திருந்தா அந்தக் கோடு மரத்துக்கு இந்தப் பக்கம் வந்திருக்குமா? நான் போய்க் கேட்கலாம். ஆனால் என் வாய் திறக்குமா?

பிப்ரவரி 12

சாச்சி மோர்க்கடி கொடுத்தனுப்பினாள், கடலை மாவு கரைத்த மோர்க்குழம்பு. இத்தனை மாதமாக இல்லாத அன்பு. நான் தொடவில்லை. அம்மா இரண்டாம் முறையும் ஊற்றிக்கொண்டாள்.

பிப்ரவரி 14

நாளை ட்ரோன். இன்று கேட்காவிட்டால் எப்போதும் இல்லை.

லோகேந்திரா சைக்கிளில் சுண்ணாம்பு மூட்டையோடு வந்தான். வழியில் நின்றேன். மனசுக்குள் நிறையச் சேர்த்து வைத்திருந்தேன். வந்தது ஒரே வார்த்தை. “கோடு...”

“எந்தக் கோடு?”

“எங்க கோடு.”

“அட, கேசருக்குப் பேச்செல்லாம் வருமா?” சைக்கிளை நிறுத்தினான். “பெரியம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் போட்டேன். எது வரைக்கும்னு வாசல்ல நின்னு கேட்டேன். உள்ளேருந்தே ‘மெழுகின வரைக்கும்’னாங்க. ஊருல எல்லாப் பொம்பளைங்களும் அதத்தான சொல்றாங்க. மெழுகின வரைக்கும் போட்டேன்.”

“மரம்...”

“அங்க மெழுகியிருந்தாத்தான? போய்ப் பாரு.”

போய்ப் பார்த்தேன். வாசலிலிருந்து பாதி முற்றம் வரை சாணி மெழுகல் வழவழவென்று இருந்தது. அதற்கப்புறம் சருகு, சருகுக்கு அடியில் வெடித்த மண். மெழுகல் முடிகிற இடத்தில் கோடு, கொஞ்சமும் தப்பாமல்.

தீபாவளிக்கு முந்தின வாரம் அப்பா அந்த மரத்தடியில்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். குளிப்பாட்டியதும் அங்கேதான். தீட்டுக் கழிந்த பிறகு அம்மா மறுபடி மெழுக ஆரம்பித்தாள். மரத்தடி வரை போகவே இல்லை. நான் ஆட்டோடு போய் ஆட்டோடு வருகிறவள், இதை எப்படிக் கவனிக்காமல் இருந்தேன்?

அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். கேட்டேன்.

“அங்க கை வைக்க முடியல, பின்னு” என்றாள். என்னை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். ரொட்டியைத் திருப்பினாள். “அவன் கேட்டப்ப அத நெனச்சுச் சொல்லல. பழக்கத்துல வாய் சொல்லிடுச்சு.”

“போயிடுமே அம்மா.”

ரொட்டி கருகியது.

ஆனாலும் லோகேந்திரா சின்ன வயதில் அந்த மரத்தில் ஊஞ்சல் ஆடியவன். யார் மரம் என்று அவனுக்குத் தெரியாதா? தெரிந்தும் வார்த்தையைப் பிடித்துக்கொண்டானா? சாச்சி அன்று சிரிப்பை நிறுத்தியது அப்பா போன வீட்டுப் பெண் என்பதாலா, இல்லை இந்தக் கோட்டினாலா? எதுவும் தெரியவில்லை. மோர்க்கடியைச் சாப்பிட்டிருக்கலாமோ என்று மட்டும் தோன்றுகிறது.

பிப்ரவரி 15

விடிவதற்கு முன் எழுந்து சருகைக் கூட்டினேன். பழைய கோட்டைத் துடைப்பத்தால் அழித்தேன். சாணியைக் கரைத்து, வாசலிலிருந்து ஆரம்பித்து மரத்தடி வரை, மரத்தைச் சுற்றி, அதற்கும் அப்பால் எல்லைக்கு அப்பா நட்டுவைத்த கல் வரை மெழுகினேன். அம்மா வாசலில் நின்று பார்த்தாள். தண்ணீர் தீர்ந்தபோது கொண்டுவந்து ஊற்றினாள். மரத்தடி வரை வந்து ஊற்றினாள்.

தீபாவளிக்கு வெள்ளையடிக்க அப்பா வாங்கிய சுண்ணாம்பு பிரிக்காமலே இருந்தது. பிரித்தேன்.

கோடு நேராக வரக் கயிறு பிடிக்க வேண்டும். ஒரு முனையைக் கல்லில் கட்டிவிட்டு, மறு முனையோடு ஜம்னா சாச்சியின் கதவுக்குப் போனேன்.

“சாச்சி, வெளிய வாங்க. இதக் கொஞ்சம் புடிங்க.”

தெருவுக்கே கேட்டிருக்கும்.

சாச்சி வந்தாள். கல்லைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள், கயிற்றை வாங்கினாள். நான் குனிந்து சுண்ணாம்பு தூவிக்கொண்டே போனேன், கயிற்றோடு அவள் கை எங்கள் பக்கம் நகர்கிறதா என்று பார்த்தபடி.