தூசி என்று நினைத்த கோள்

மார்ச் 4, செவ்வாய்

இன்று முழுக்க வானத்தைத் துடைத்தேன். பழைய கறுப்பு வெள்ளைத் திரைப்படங்கள் மூன்று, மறுபடி தியேட்டரில் போடுவதற்காக எங்கள் ஆபீஸுக்குச் சுத்தம் செய்ய வந்திருக்கின்றன. மூன்றிலும் விண்வெளியிலிருந்து ஏதோ ஒன்று பூமியை அழிக்க வருகிறது. ஒன்றில் வால்நட்சத்திரம், ஒன்றில் பறக்கும் தட்டு, ஒன்றில் வழிதவறிய ஒரு கோள். நெகட்டிவில் ஒட்டிய தூசி படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழும். கணினியில் ஒவ்வொரு பிரேமாகப் பார்த்து அதை அழிப்பது என் வேலை. நாள் முழுக்க யாரிடமும் பேச வேண்டியதில்லை.

பறக்கும் தட்டைத் தொங்கவிட்ட நூல் அப்பட்டமாகத் தெரிகிறது. அழிக்கவா என்று மேனேஜர் அக்காவிடம் விரலால் சைகை காட்டிக் கேட்டேன். "அடியே மியூட்டு, நூல்ல கை வச்சிராத. அதப் பாத்துச் சிரிக்கத்தான் ஜனங்க டிக்கெட்டே வாங்குறாங்க" என்றார்.

ஆபீஸில் என் பெயர் மியூட்டு. கோபமில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிக்க எழுப்பினால் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஒன்பதாவதோடு நின்றதற்கு வீட்டில் ஆயிரம் காரணம் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த காரணம் அது ஒன்றுதான்.

மார்ச் 6, வியாழன்

அம்மாவுக்கு இருமல் நிற்கவில்லை. வேலை பார்க்கும் சலவைக்கடையின் நீராவி ஒத்துக்கொள்ளவில்லை என்கிறாள். இத்தனை வருடம் ஒத்துக்கொண்டதே?

மார்ச் 9, ஞாயிறு

பீரோவுக்கு மேல் ஒட்டடை அடிக்கும்போது ஒரு பெரிய காக்கி உறை கையில் தட்டுப்பட்டது. உள்ளே எக்ஸ்ரே. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். விலா எலும்புகள், அவற்றுக்கு நடுவே இருட்டு, அந்த இருட்டில் ஒரு வெள்ளைப் புள்ளி. பட்டாணி அளவு.

அம்மா பின்னாலேயே வந்து பிடுங்கிக்கொண்டாள்.

"இது என்னம்மா?"

"தூசிடி. மெஷின்ல இருந்திருக்கும். நீதான தெனம் அதத் தொடச்சிட்டு வர்ற, உனக்குத் தெரியாதா?"

தெரியும். தூசி எல்லா இடத்திலும் விழும். தூசியாகத்தான் இருக்கும்.

மார்ச் 10, திங்கள்

கோள் படத்தின் இரண்டாவது ரீலை முடித்துவிட்டேன். கை தானாக ஓடியது. ஒரு புள்ளிகூட விடவில்லை. சுத்தமான வானம்.

மார்ச் 12, புதன்

தூங்கவில்லை. எல்லாப் படத்திலும் ஒரு காட்சி வருகிறது. பெரிய மேஜையைச் சுற்றிக் கோட்டுப் போட்டவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். விஞ்ஞானி உண்மையைச் சொல்வார். உடனே ஒருவர் எழுந்து, "மக்களுக்குத் தெரிய வேண்டாம், பீதி கிளம்பும்" என்பார். தெருவில் ஜனங்கள் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு போவார்கள்.

அண்ணனிடம் எக்ஸ்ரேவைப் பற்றிச் சொன்னேன். "அம்மா பாத்துப்பாங்க, நீ சும்மா எதையாவது கிளப்பாத" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவனுக்கும் ஐஸ்கிரீம்தான்.

மார்ச் 14, வெள்ளி

இன்று மானம் போயிற்று.

மேனேஜர் அக்கா ரீலைப் போட்டுப் பார்த்தார். விஞ்ஞானி தொலைநோக்கியை விட்டுத் துள்ளி எழுந்து, "அதோ! நம்மை நோக்கித்தான் வருகிறது!" என்று வானத்தைக் காட்டுகிறார். வானத்தில் ஒன்றுமே இல்லை. வெறும் கறுப்பு. அவர் மனைவி வேறு அதைப் பார்த்து மயங்கி விழுகிறாள்.

அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாவி, கோளையே தொடச்சு எறிஞ்சிட்டியே! பூமியக் காப்பாத்திட்ட, போ. படத்துக்கு இனி வேலையே இல்ல."

அப்புறம் சிரிப்பு நின்றது. நான் துடைப்பதற்கு முன் கணினியில் ஏற்றிவைத்த பழைய ஸ்கேனைத் திறந்து ஒவ்வொரு பிரேமாகத் தள்ளிக் காட்டினார். "இங்க பாரு. இதுலயும் இருக்கு. அடுத்ததுலயும் அதே எடத்துல இருக்கு. தூசின்னா ஒரு பிரேம்ல இருக்கும், அடுத்ததுல ஓடிப்போயிரும். உனக்கு நான் சொல்லித் தரணுமா?"

வேண்டாம். முன்னும் பின்னும் பார்த்துவிட்டுத்தான் அழிக்க வேண்டும், முதல் நாளே பழகியது. ஏன் பார்க்கவில்லை? பார்க்கப் பிடிக்கவில்லை, அதுதான்.

அம்மாவுக்கு எடுத்தது ஒரே ஒரு படம். இரண்டாவது படம் எடுத்தால்தானே தெரியும்?

மார்ச் 17, திங்கள்

மதியம் அம்மாவுக்குத் தெரியாமல் எக்ஸ்ரேவை எடுத்துக்கொண்டு, உறையில் பெயர் போட்டிருந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். வரிசையில் என் முறை வந்ததும் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தேன். கவுண்டர் பெண் என்னைப் பார்க்காமலேயே, "சத்தமா சொல்லும்மா, காதுல விழல" என்றாள். பின்னால் ஒருவர், "சொல்லிட்டு நகரும்மா" என்றார். திரும்பி ஓடிவிடலாம் என்று இருந்தது. உறையைக் கவுண்டரில் வைத்தேன். "இன்னொரு படம் எடுக்கணும்" என்றேன். கத்திவிட்டேன் போலிருக்கிறது, எல்லோரும் திரும்பினார்கள்.

உள்ளே அனுப்பினார்கள். டாக்டர் உறையில் அம்மா பெயரைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டார். "அம்மாவ ஸ்கேனுக்கு எப்பவோ வரச் சொன்னேனே. ஏன் வரல? கூட்டிட்டு வாம்மா, தள்ளிப்போடாத."

எப்பவோ. அப்படியென்றால் அவளுக்குத் தெரியும். தூசி இல்லை என்று தெரிந்தே என்னிடம்—

வீட்டுக்கு வந்து, இரண்டாவது படம் எடுக்க வேண்டும் என்று சொல்லி, ஏன் மறைத்தாய் என்று கேட்டேன். அம்மா துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "சொல்லி? நீயும் உங்கண்ணனும் பயந்து சாவீங்க. இருக்கற வரைக்கும் நிம்மதியா இருந்துட்டுப் போறேன்."

"நாங்க ஒண்ணும் சாக மாட்டோம். நீதான் செத்துப்போவ!"

அம்மாவிடம் இப்படிப் பேசியதே இல்லை. அவள் மடித்த சட்டையை உதறி மறுபடி மடித்தாள். அண்ணன் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தான். யாரும் சாப்பிடவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

காலையில் அம்மா எனக்கு முன்பே கிளம்பி உட்கார்ந்திருந்தாள். நல்ல புடவை. "வா, உன் ரெண்டாவது படத்த எடுத்துத் தொலைப்போம்."

மார்ச் 20, வியாழன்

அதே இடத்தில் இருக்கிறது.

மார்ச் 26, புதன்

அடுத்த வாரம் அறுவைச் சிகிச்சை. கட்டி சின்னதாக இருக்கும்போதே வந்துவிட்டீர்கள் என்றார் டாக்டர். சின்னது என்றால் எவ்வளவு சின்னது? அம்மா அவரிடம், "லீவு எத்தன நாள் போடணும்?" என்று மட்டும் கேட்டாள்.

அழித்த கோளைப் பழைய ஸ்கேனிலிருந்து எடுத்து, பிரேம் பிரேமாகத் திரும்ப வைத்துக்கொண்டிருக்கிறேன். அதைப் பார்க்க இன்னும் பிடிக்கவில்லை. வைத்துத்தான் ஆக வேண்டும்.

ஏப்ரல் 3, வியாழன்

உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்து நகம் கடிக்கிறான். ஒரு கை நகம் முழுக்கத் தீர்ந்துவிட்டது. "ஏதாவது பேசேன், குட்டி" என்றான். என்னிடம் போய்!

பறக்கும் தட்டு நூலைப் பற்றிச் சொன்னேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

அம்மா வீட்டுக்கு வந்தாயிற்று. வேறெங்கும் பரவவில்லை என்று முடிவு வந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை படம் எடுத்துப் பார்க்க வேண்டுமாம். ஒவ்வொரு முறையும் எனக்கு உயிர் போய் வரும்.

எப்போதும் வலப்பக்கம் ஒருக்களித்துச் சுவரைப் பார்த்துத்தான் படுப்பாள். இப்போது தையல் வலப்பக்கம். அதனால் மதியத் தூக்கத்துக்கு என் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். இவ்வளவு கிட்டத்தில் அவள் முகத்தை நான் பார்த்ததில்லை. புருவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. கேட்க வேண்டும்.

கண்ணைத் திறக்காமலேயே சொன்னாள்:

"என்னடி அப்படிப் பாக்குற? என் மூஞ்சில என்ன படமா ஓடுது?"