பிலாசபாஸ்டர் என்றால் பட்டமா?

அன்புள்ள பேத்திக்குப் பாட்டி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் மட்டும் நலமில்லை, அதை விடு.

உன் புரொபசர் உன் கட்டுரையில் உன்னைப் "பிலாசபாஸ்டர்" என்று எழுதிக் கொடுத்ததாகப் போனில் சொன்னாயே, அது என்ன என்று உன் அப்பா கேட்டதற்கு மழுப்பிவிட்டாய். மாஸ்டருக்கு மேலே உள்ள படிப்பு என்று அவரே தீர்மானித்து, உன் பெயரோடு சேர்த்துப் பித்தளைப் பலகை அடித்து வாசலில் மாட்டிவிட்டார். எதிர்வீட்டுக்காரிக்கு வயிற்றெரிச்சல். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. பட்டம் வாங்கியவள் எதற்கு மூக்கை உறிஞ்சுகிறாள்?

பலகையைப் பார்த்து எழுத்தெழுத்தாக எழுதிக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். அங்கே வேலை பார்க்கும் பெண் தலையணை மாதிரி ஒரு அகராதியைப் புரட்டினாள். புரட்டிவிட்டு, "பாட்டி, இதை உங்க வீட்ல யாரையாவது சொன்னாங்களா?" என்று தணிந்த குரலில் கேட்டாள். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

"ஆஸ்டர்" என்பது லத்தீன் பாஷையின் வாலாம். ஒலிவ மரம் மாதிரியே நிற்கும், ஆனால் அது இல்லாத காட்டு மரத்துக்கு அந்த வாலை ஒட்டினார்களாம். பிறகு தத்துவம் பேசும் அரைகுறைப் படிப்பாளிக்கும் ஒட்டிவிட்டார்கள். வாயில் வைக்க முடியாத காட்டுக் காய்க்கு நாம் பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு என்று தலையில் ஒட்டுவதை அவர்கள் வாலில் ஒட்டுகிறார்கள். ஆக, அந்த மனுஷன் உன்னைப் பேய்ப்பண்டிதை என்றிருக்கிறான். உன் அப்பாவிடம் நான் இன்னும் மூச்சுவிடவில்லை.

இன்னொன்று. நீ பேசும்போதெல்லாம் பின்னால் தட்டு மோதும் சத்தம். கேட்டால் கேன்டீன் என்கிறாய். காலையிலும் கேன்டீன், ராத்திரியிலும் கேன்டீனா? படிப்பை விட்டுவிட்டு எங்கேயோ தட்டு கழுவுகிறாய் என்றுதான் எனக்குப் படுகிறது.

உன் அம்மாவை மரமண்டை என்று ஒரு டீச்சர் சொன்னாள். அதை நம்பி இவள் மறுநாளே பள்ளிக்கூடத்தை விட்டாள். போன மாதம் பஸ்ஸில் அந்த டீச்சருக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. நான் கடைசிவரை நின்றுகொண்டே வந்தேன்.

தட்டு கழுவுவது கேவலமில்லை. அந்தப் புரொபசர் சொன்னதற்காகக் கழுவாதே. நீ எழுதியது அரைகுறை என்றால் மீதியை எழுது. அப்புறமும் பிடிக்கவில்லையா, வந்துவிடு, நான் ஒன்றும் கேட்கமாட்டேன்.

உன் அப்பா வேலைக்குப் போன பிறகு எனக்குப் போன் செய். அழுதாலும் சரி, கேன்டீன் என்று மட்டும் சொல்லாதே. வேளைக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருப்பாய்.

உன்னையே நினைத்திருக்கும்
பாட்டி