பதினான்காம் பக்கத்தில் கரையாத பனி

அனுப்புநர்:
சி. ஞானேஸ்வரன்,
லூயிஷாம், லண்டன்.

பெறுநர்:
திரு. பஸ்தியாம்பிள்ளை அவர்கள்,
பரீட்சைப் பொறுப்பாளர்,
தென்கரைத் தமிழ்ப் பாடசாலைகள் ஒன்றியம்,
லண்டன்.

பொருள்: ஏழாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம், பக்கம் 14, ‘வெண்மலை’ பாடத்தைத் திருத்துதல், என் மகளின் விடைக்குப் புள்ளி வழங்குதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இது எனது மூன்றாவது மனு. முந்தைய இரண்டுக்கும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்றே பதில் வந்தது. புதிய பதிப்பு வரும் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது என்று அறிந்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

2. மே மாதப் பரீட்சையில், ‘ஸ்கொட்லாந்து மலையுச்சிகளில் கோடையிலும் பனி கரையாது: சரியா, பிழையா?’ என்று கேட்கப்பட்டது. என் மகள் ஜதுர்ஷிகா ‘பிழை’ என்று எழுதிக் காரணமும் காட்டினாள். ‘பாடத்தைப் படிக்கவும்’ என்று சிவப்பு மையில் எழுதிப் புள்ளி மறுத்துவிட்டீர்கள்.

3. ஐயா, அங்கே கோடையில் பனி கரைந்து சுருங்குவதைக் கண்டே அவள் எழுதினாள். ஆண்டுதோறும் யூலைக் கடைசியில் ஸ்கொட்லாந்தில் அதே ஒரு மலைப்பள்ளத்துக்கு ஏறி, சமையலறை பொருத்தும் என் வேலைக்கான அளவுநாடாவால் பனித்திட்டை அளக்கிறோம். 2022இல் நீளம் 38 மீற்றர். அடுத்த ஆண்டு 12. 2024இல் 19, கூடியதையும் அவள் மறைக்கவில்லை. பரீட்சைக்குப் பின், இந்த ஆண்டு யூலையில், நாடாவை விரிக்கவே தேவை வரவில்லை. கீழே ஓடையும் வெறுங்கல்லாய்க் கிடந்தது. முப்பது ஆண்டுகளாக அங்கு பணிபுரியும் மலைக்காவலர் தம் பழைய படங்களைக் காட்டினார். அவர் வந்த புதிதில் அந்தப் பனி முற்றாகக் கரைவது அரிதாம். சூடு கூடக்கூட இப்போது அதுவே வழக்கமாகிவிட்டதாம்.

4. செப்டெம்பர் முதல் அவள் சனிக்கிழமை வகுப்புக்கு வருவதில்லை. “இல்லாத பனியை இருக்கெண்டு எழுத என்னால ஏலாது அப்பா” என்றாள்.

5. நான் இவ்வளவு வற்புறுத்தும் காரணத்தை இனியும் ஒளிக்க முடியாது. அந்தப் பாடத்தை எழுதியவன் நானே. 1999இல், லண்டன் வந்து இரண்டு மாதத்தில், உங்கள் பாடசாலையில் சம்பளமின்றிப் படிப்பித்தபோது, கடை நாட்காட்டிப் படம் ஒன்றைப் பார்த்து எழுதினேன். அன்று அது ஓரளவு உண்மையாகவும் இருந்தது. பனி போய்விட்டது, என் வரி மட்டும் அப்படியே நிற்கிறது. எழுதியவர் பெயர் போடும் வழக்கம் அப்போது இல்லாதது எனக்கு வசதியாகப் போயிற்று. வெட்கப்படுகிறேன்.

ஆகவே, வெள்ளிக்கிழமைக்குள் அந்த வரியை நீக்கி, பாடத்தின் கீழ் ‘எழுதியவர் ஞானேஸ்வரன், திருத்தியவர் ஜதுர்ஷிகா’ என்று அச்சிட்டு, அவளுக்குரிய ஒரு புள்ளியையும் வழங்குமாறு மன்றாடிக் கேட்கிறேன். இதை அவளிடம் நேரில் சொல்ல மூன்று முறை முயன்றும் எனக்கு வாய் வரவில்லை.

இடம்: லண்டன்
திகதி: 12.10.2025

இப்படிக்கு,
சி. ஞானேஸ்வரன்
(ஒப்பம்)

பிரதி: செல்வி ஞா. ஜதுர்ஷிகா, மேல்மாடி அறை, இதே வீடு.