போனோட இடுப்புல சார்ஜர் ஓட்டை

11.3.2007, ஞாயிறு. தாம்பரம்.

சார்ஜர் ஓட்டையைப் போனோட இடுப்புல வைக்கணும்னு எந்த அறிவாளிக்குத் தோணுச்சோ! பேட்டரி போய், சார்ஜர் சொருகி வச்சாதான் போன் ஓடுது. பிடிக்கிற விரல் சரியா பின் மேலயே படுது. அடியில வச்சிருந்தா என்ன கேடு?

மத்தியானம் என் வீட்டுக்காரர் சவுதியிலேர்ந்து ஆபீஸ் போன்ல கூப்பிட்டார். "காண்ட்ராக்ட் பேப்பர் கையில இருக்கு. இன்னும் ரெண்டு வருஷம் இருந்துட்டு வரட்டுமா? நீ சொல்றதுதான்"னார். எனக்கு வந்ததே கோபம்! போனை இறுக்கிப் பிடிச்சேன். சார்ஜர் பின் நகர்ந்து போன் செத்துப்போச்சு. "வேணாம் மச்சான், வந்துடுங்க"ன்னு நான் கத்தினது சுவிட்ச் போர்டுக்குத்தான் கேட்டுச்சு. ஆன் பண்ணி அந்த நம்பருக்கே அடிச்சேன். யாரும் எடுக்கல. இந்தப் போனை வாங்கி ஆள் மூலமா கொடுத்தனுப்பினதும் அவர்தான்.

சாயங்காலம் அனகாபுத்தூர்லேர்ந்து மாமியார் பேசினாங்க. "அவன் கேட்டப்ப நீ ஒண்ணும் சொல்லலையாமே. சம்மதம்னு எடுத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டுட்டானாம்."

நிக்காஹ் அன்னைக்குச் சம்மதமான்னு கேட்டப்பவும் நான் வாயே திறக்கல. அன்னைக்கு அது நிஜமாவே சம்மதம்தான்.